செட்டில்மென்ட் பத்திரத்தில் (பணம் வாங்காமல் குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) "பராமரிக்க வேண்டும்" என்று எழுதியிருக்கணுமா, வேண்டாமா?

பத்திரக்காரர்:
எந்த வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் ஒரே செய்தி. "பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த வீட்டை, ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) ஒரு மனு கொடுத்தால் மறுநாளே திரும்ப வாங்கிவிடலாம். பத்திரத்தில் எந்த நிபந்தனையும் எழுதியிருக்க வேண்டியதில்லை." யாரய்யா இதையெல்லாம் உட்கார்ந்து எழுதுவது? 2007 பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 23-வது பிரிவு. எடுத்துப் படியுங்கள். அடிப்படைத் தேவைகளைச் செய்துதர வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்திருந்து, வாங்கியவர் அதைச் செய்யாவிட்டால்தான் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம். நிபந்தனையோடு! ஆயுள் முழுக்கப் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் சொல்கிறேன், எழுதியிருக்கணும்.

வக்கீல் வண்டு:
ஐயா, சட்டப் புத்தகத்தை 2007-லேயே மூடி வைத்துவிட்டீர்கள் போல. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் நாகப்பட்டினம் வழக்கில் என்ன சொன்னது? வயதான அம்மா மகனுக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். மகன் இறந்தபின் மருமகள் கவனிக்கவில்லை. ஆர்.டி.ஓ. ரத்து செய்தார், உயர் நீதிமன்றமும் அது சரி என்றது. பத்திரத்தில் வெளிப்படையாக நிபந்தனை இருக்கத் தேவையில்லை, அன்பும் பிரியமும்தான் அதற்குள் இருக்கும் நிபந்தனை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். எழுதியிருக்க வேண்டியதில்லை. முடிந்தது.

பத்திரக்காரர்:
என்ன முடிந்தது? 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கு நேர் எதிராகச் சொல்லியிருக்கிறது. பெற்றவர்கள் எதையும் எதிர்பாராமல் அன்பினாலேயே கொடுப்பதுண்டு, அதில் பராமரிப்பு நிபந்தனை தானாக ஒட்டிக்கொண்டு வராது, நிபந்தனை இருந்ததாக நிரூபிக்கணும் என்று. உச்ச நீதிமன்றம் பெரியதா, உயர் நீதிமன்றம் பெரியதா? இதற்குப் பதில் சொல்ல சட்டம் படித்திருக்கவே வேண்டாம் தம்பி.

வக்கீல் வண்டு:
2025 ஜனவரி உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வசதியாக விட்டுவிட்டீர்களே. மத்தியப் பிரதேசம், சத்தர்பூர் வழக்கு. இது முதியவர்களைக் காப்பாற்ற வந்த சட்டம், தாராளமாகத்தான் பொருள்கொள்ள வேண்டும், வீட்டைக் காலி செய்யச் சொல்லவும் இந்த மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு (நம் ஊரில் ஆர்.டி.ஓ.தான்) அதிகாரம் உண்டு என்றார்கள். அம்மா பக்கம்தான் தீர்ப்பு.

பத்திரக்காரர்:
சத்தர்பூர்! நீரே வந்து மாட்டினீர். அந்த வழக்கில் பத்திரம் பதிந்த அன்றே மகன் தனியாக ஒரு உறுதிமொழித் தாள் எழுதிக் கொடுத்திருந்தான், கடைசிவரை பார்த்துக்கொள்கிறேன் என்று. எழுதியிருந்தது தம்பி, எழுதியிருந்தது! தீர்ப்பின் தலைப்பை மட்டும் படித்தால் இப்படித்தான்.

களப்பணி கலா:
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். நான் முதியோர்களோடு வேலை பார்க்கும் சமூகப் பணியாளர். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எழுதிக் கொடுக்கச் சொத்தே கிடையாது. அவர்களுக்கு இந்த 23-வது பிரிவு எதற்கு? அவர்கள் கேட்பது பராமரிப்புத் தொகை. அதற்கு மாதம் 10,000 ரூபாய்தான் உச்சவரம்பு என்று சட்டத்திலேயே இருக்கிறது. பக்கவாதத்தில் படுத்திருக்கும் ஒருவருக்கு 10,000 ரூபாயில் இரவும் பகலும் பார்த்துக்கொள்ள யார் வருவார்கள்? அந்த வரம்பை எடுக்க 2019-ல் கொண்டுவந்த திருத்த மசோதா நிறைவேறவே இல்லை. மாவட்டத்துக்கு ஒரு அரசு முதியோர் இல்லமாவது, குறைந்தது 150 பேர் தங்கும்படி, அமைக்கலாம் என்கிறது 19-வது பிரிவு. "அமைக்கலாம்"தான், கட்டாயம் இல்லை. அதைப் பற்றி யாராவது திரி தொடங்குங்களேன்.

பத்திரக்காரர்:
அம்மா, நல்ல விஷயம்தான். தனித் திரி தொடங்குங்கள். இங்கே கேள்வி ஒன்றே ஒன்று: எழுதியிருக்கணுமா, வேண்டாமா?

தோஹா தமிழன்:
இந்தச் சட்டத்தை வைத்து எத்தனை பேர் பிள்ளைகளை மிரட்டுகிறார்கள் தெரியுமா? மாதாமாதம் பணம் அனுப்புகிறோம். வீட்டில் ஏ.சி., இன்வெர்ட்டர், கேமரா எல்லாம் வைத்துக் கொடுத்திருக்கிறோம். இதற்கு மேல் என்ன கவனிப்பு?

மூணாவது மருமகள்:
கேமராவா கஞ்சி வைத்துக் கொடுக்கும்? நீங்கள் தோஹாவில் உட்கார்ந்து அந்தக் கேமராவில் பார்ப்பதே, இங்கே ஒரு மருமகள் பெட்பேன் எடுப்பதைத்தான். திரியில் இவ்வளவு நேரம் அம்மா, மகன், ஆர்.டி.ஓ. மூன்று பேர்தான் வந்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஆளைத் திருப்பிப் படுக்க வைக்கிறவள் வரவே இல்லை. அந்த 2019 மசோதாவில் மருமகளையும் மருமகனையும் பொறுப்பாளிகளாகச் சேர்த்திருந்தார்கள், அதை மட்டும் யாரும் சொல்லவில்லை. சொத்து மகன் பேரில், பொறுப்பு என் பேரிலா?

தோஹா தமிழன்:
அக்கா, தனிப்பட்ட முறையில் தாக்க வேண்டாம். இங்கே 45 டிகிரி வெயிலில் நின்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மூணாவது மருமகள்:
45 டிகிரிக்கு ஓவர்டைம் உண்டு. எனக்கு?

வக்கீல் வண்டு:
திரியைத் திசைதிருப்ப வேண்டாம். பத்திரக்காரர் ஐயாவுக்கு ஒரே கேள்வி. நிபந்தனை எழுதியிருக்கணும், எழுதியிருக்கணும் என்று குதிக்கிறீர்களே, எழுதாமல் விட்டது யார்? பத்திர எழுத்தர்கள்தானே? ஒரே மாதிரிப் படிவத்தை வைத்துப் பெயரையும் சர்வே நம்பரையும் மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்துவிட்டு, இப்போது "எழுதவில்லையே அம்மா" என்றால்?

பத்திரக்காரர்:
வார்த்தையை அளந்து பேசும். சார்பதிவாளர் அலுவலக வாசலில் என்ன நடக்கிறது என்று உமக்குத் தெரியுமா? அம்மாவை ஆட்டோவில் மகன் கூட்டிக்கொண்டு வருவான். காபி வாங்கித் தருவான். விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைப்பான். நான் கேட்பேன்: "பாட்டி, ஆயுள் வரைக்கும் நீங்கள் அதே வீட்டில் இருந்து அனுபவிக்கலாம் என்று ஒரு வரி போடட்டுமா? மகன் பராமரிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கட்டுமா?" அந்த அம்மா முதலில் மகன் முகத்தைப் பார்ப்பார். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். "அதெல்லாம் எதுக்கு சாமி, என் பிள்ளை என்னைப் பார்க்க மாட்டானா" என்று அவரே சொல்லிவிடுவார். வற்புறுத்தினால், "சார், எங்க குடும்பத்துல குழப்பம் பண்ணாதீங்க" என்று மகன் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான். கட்சிக்காரர் சொல்வதைத்தான் எழுத முடியும், நானாக எழுத முடியுமா? உயில் எழுதுங்கள், மனசு மாறினால் மாற்றிக்கொள்ளலாம் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். யாருக்கும் காதில் ஏறாது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: எழுதியிருக்கணும்.

களப்பணி கலா:
ஐயா, இப்போது நீங்கள் சொன்னதுதான் பிரச்சினையே. மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நிபந்தனை எழுது என்று எந்த அம்மாவாலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாதவர்களுக்காகத்தானே "எழுதாவிட்டாலும் உண்டு" என்று நாகப்பட்டினம் தீர்ப்பு சொல்கிறது?

பத்திரக்காரர்:
அது வேறு, சட்டம் வேறு. பரிதாபத்தை வைத்துப் பத்திரத்தை ரத்து செய்ய ஆரம்பித்தால் நாட்டில் ஒரு பத்திரமும் நிற்காது. நாளைக்கு மகனிடம் வீடு வாங்கினவன் கதி? வங்கிக் கடன் கொடுத்தவன் கதி? வில்லங்கச் சான்றில் "அன்பு" என்று ஒரு பத்தி இருக்கிறதா?

வக்கீல் வண்டு:
சட்டத்தின் நோக்கம்...

பத்திரக்காரர்:
நோக்கம் பேசுகிறவர் 17-வது பிரிவையும் பேசட்டும். அந்தத் தீர்ப்பாயத்தில் வக்கீல் ஆஜராகவே கூடாது என்று சட்டம் எழுதியவர்களே சொல்லிவிட்டார்கள். ஏன் சொன்னார்கள் என்று யோசித்துப் பாரும்.

வக்கீல் வண்டு:
17-வது பிரிவை வைத்து வக்கீலைத் தடுக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2021-லேயே சொல்லிவிட்டது. சொல்லியும் பயனில்லை, போன வருஷம் பட்டா திரியிலும் இதே ஆள் இப்படித்தான் ஒற்றைக் காலில் நின்றார்.

பத்திரக்காரர்:
பட்டா திரியில் நான் சொன்னதுதான் சரி. அங்கே பாதியில் காணாமல் போனது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

கொள்ளிடக்கரை:
மன்னிக்கவும், நடுவில் ஒரு சந்தேகம். என் அத்தை 2019-ல் மகனுக்கு வீட்டை எழுதிக் கொடுத்தார். இப்போது அதே வீட்டின் பின்பக்கத் தாழ்வாரத்தில் படுத்திருக்கிறார். சாப்பாடு ஒரு வேளை வருகிறது, சில நாள் அதுவும் இல்லை. மனு கொடுக்கலாமா?

வக்கீல் வண்டு:
உடனே கொடுங்கள். பத்திரத்தில் எதுவும் எழுதியிருக்க வேண்டியதில்லை.

பத்திரக்காரர்:
அவசரப்பட்டு அலைய வேண்டாம். முதலில் பத்திரத்தின் நகலை எடுத்துப் பாருங்கள். எழுதியிருக்கா?

களப்பணி கலா:
கொள்ளிடக்கரை, பத்திரம் அப்புறம். முதலில் 14567-க்கு அழையுங்கள், முதியோர் உதவி எண், இலவசம். மாவட்ட சமூக நல அலுவலரைப் பாருங்கள், அவர்தான் இந்தச் சட்டப்படி பராமரிப்பு அலுவலர். ஆர்.டி.ஓ.விடம் பராமரிப்புத் தொகை கேட்டும் மனு போடலாம், அதற்குப் பத்திரத்தில் எதுவும் இருக்க வேண்டியதில்லை. நோட்டீஸ் சேர்ந்த 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி, தள்ளிப்போனால் இன்னொரு 30 நாள். "மறுநாளே" என்பதெல்லாம் வாட்ஸ்அப் கதை. அத்தைக்கு ஓய்வூதியம் வருகிறதா?

கொள்ளிடக்கரை:
வருகிறது, 1,200. அதையும் மகன்தான் ஏ.டி.எம்.மில் எடுக்கிறான்.

தோஹா தமிழன்:
அந்த 1,200-ல் மத்திய அரசு பங்கு எவ்வளவு என்று யாராவது கேட்டீர்களா? எண்பது வயதுக்குக் கீழே இருந்தால் 200 ரூபாய். மீதி மாநில அரசு. இதைப் பற்றிப் பேச இங்கே ஒருவருக்கும் துணிவில்லை.

மூணாவது மருமகள்:
வந்துவிட்டது அரசியல். தோஹா அண்ணே, அத்தையைப் பற்றிப் பேசும்போது அரசாங்கக் கணக்கு எதற்கு? ஏ.டி.எம். கார்டை வாங்கிக் கொடுக்க வழி சொல்லுங்கள்.

தோஹா தமிழன்:
நான் சொன்னது தவறா? பதில் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

பத்திரக்காரர்:
சமூக நல அலுவலர் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு சமரசம் பேச இரண்டு பேரையும் கூப்பிடுவார். மகன் வரமாட்டான். இது எனக்குத் தெரியாதா? எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் ஆர்.டி.ஓ. அலுவலக மாடிப்படி ஏறி இறங்கியே மூட்டு தேய்ந்துபோனார். ஒரு வரி எழுதியிருந்தால் அவர் படி ஏறியிருக்கவே வேண்டாம்.

களப்பணி கலா:
எழுதியிருந்தாலும் அதே மாடிப்படிதான் ஐயா. ரத்து செய்வதும் அதே ஆர்.டி.ஓ.தான். அலுவலகத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள் என்று ஒரு மனு போடலாம், நீங்கள் எழுதித் தருகிறீர்களா?

பத்திரக்காரர்:
மனு எழுத நான் வக்கீலா?

வக்கீல் வண்டு:
பத்திரம் எழுதும்போது மட்டும் வக்கீலாக இருந்தீர்களோ?

பத்திரக்காரர்:
உம்முடைய பதிவு எண்ணைப் போடும், அப்புறம் பேசுவோம். அது வரைக்கும் 23-வது பிரிவின் முதல் வரியைப் படியும். தமிழிலேயே போடுகிறேன், வேண்டுமானால் இன்னொரு முறை.