விக்டோரியா பப்ளிக் ஹாலில் நாடகம் நடந்ததா?

திரைச்சீலை:
எங்கள் நாடகக் குழுவின் சிற்றேட்டில் சென்னையின் பழைய அரங்குகள் பற்றி ஒரு பக்கம் போடுகிறோம். சென்ட்ரல் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா ஹாலைத் தேடினால் விவேகானந்தர் பேசினார், காந்தி பேசினார் என்பதோடு நின்றுவிடுகிறது. நாடகம் போட்டார்களா? யார் போட்டார்கள்? வெள்ளைக்காரன் தனக்காகக் கட்டிக்கொண்டது என்று குழுவில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

சைடு விங்:
பேர்தான் ராணியுடையது தம்பி. ஊருக்கு ஒரு டவுன் ஹால் வேண்டும் என்று நம்மூர்ப் பெரிய மனுஷர்களும் சேர்ந்து டிரஸ்ட் வைத்துக் கட்டியது. 1883இல் அடிக்கல் போட்டவர் ஆந்திரப் பக்கத்து விஜயநகரம் மகாராஜா. வரைபடம் சிஷோம் என்ற வெள்ளைக்காரக் கட்டடக் கலைஞருடையது, கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். கன்னிமாரா நூலகமும் அவர் கட்டியதுதான்.

நான் சபா நாடகங்களுக்கு பிராம்ட் கொடுத்தே, அதாவது மறைவில் நின்று வசனம் எடுத்துக்கொடுத்தே, காலத்தை ஓட்டியவன். யார் வந்து பேசினார்கள் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. பேச்சாளர் பேசிவிட்டு வண்டி ஏறிப் போய்விடுவார். அந்த ஹாலுக்கு உயிர் கொடுத்தது அங்கேயே குடியிருந்த சுகுண விலாச சபை என்ற அமெச்சூர் நாடகக் குழு.

1891இல் பெல்லாரியிலிருந்து ஒரு தெலுங்கு நாடகக் குழு வந்து அங்கே ஆடியது. அதுவரை தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்த ஒரு பதினெட்டு வயசுப் பையன் அதைப் பார்த்தான். படித்தவர்கள் வேஷம் கட்டலாமா என்ற கேள்வியே அவனுக்கு அன்றோடு போய்விட்டது. அதே வருஷம் ஜூலையில் நண்பர்களோடு அந்தச் சபையை ஆரம்பித்துவிட்டான். அவர்தான் பம்மல் சம்பந்த முதலியார். பிற்பாடு வக்கீல், நீதிபதி எல்லாம் ஆனார். வேஷத்தை மட்டும் விடவில்லை. விடிய விடிய நடந்த ஆட்டத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார், பாட்டைக் குறைத்து வசனத்தை முன்னே கொண்டுவந்தார். மணி அடித்தால் திரை ஏற வேண்டும் என்ற கண்டிப்பு வேறு. (இன்றைய சபாக்கள் சிலவற்றுக்கு இதை ஃபிரேம் போட்டு அனுப்பலாம்.) ஸ்திரீபார்ட்டுக்கு, அதாவது பெண் வேஷத்துக்கு, ரங்கவடிவேலு. 1930களில் சபை மவுண்ட் ரோட்டுக்குப் போனது. ஹாலின் சரிவை நான் அங்கிருந்துதான் கணக்கு வைப்பேன்.

கொட்டகை:
அண்ணே, பம்மலை மதிக்கிறேன். ஆனால் தமிழ் நாடகமே அந்த ஹாலில் பிறந்த மாதிரி எழுதிவிட வேண்டாம். வேலை முடிந்து மாலையில் அரிதாரம் பூசியவர்களுக்குக் கல் கட்டடம் கிடைத்தது. வயிற்றுக்கு ஆடியவர்களுக்குத் தகரக் கொட்டகை, கூடவே 'கூத்தாடி' என்ற பட்டம். 1918இல் மதுரையில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பாய்ஸ் கம்பெனி, அதாவது பையன்களே நடிக்கும் தொழில்முறைக் குழு, வைத்துப் பையன்களுக்குப் பாடம் சொன்னாரே, பின்னால் பேர் வாங்கிய நடிகர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கிருந்து வந்தவர்கள்தானே? என் தாத்தா ஸ்பெஷல் நாடகத்தில், அதாவது பல ஊர் நடிகர்கள் ஓர் இரவுக்குச் சேர்ந்து ஆடும் நாடகத்தில், ஆர்மோனியம் வாசித்தவர். 'பப்ளிக் ஹால்' என்றால் எந்த பப்ளிக் என்று அவர் கேட்டிருப்பார்.

சைடு விங்:
நியாயமான பேச்சு. சிற்றேட்டில் இரண்டும் அடுத்தடுத்து வரட்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: கம்பெனிக்காரர்களைக் 'கூத்தாடி' என்று கூசாமல் சொன்ன ஊரில், வக்கீலும் உத்தியோகஸ்தரும் பேர் போட்டு வேஷம் கட்டியது சின்ன விஷயம் இல்லை. அதனால் கம்பெனிக்காரர்களுக்கு மரியாதை வந்ததா என்றால், உடனே வரவில்லை.

திரைச்சீலை:
இரண்டு பேருக்கும் நன்றி. படம் எடுக்கப் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

சைடு விங்:
கோபுரத்தை எல்லாரும் எடுப்பார்கள், அதன் கூரை திருவிதாங்கூர்ப் பாணி. நீ மாடிக்குப் போக அனுமதி கேள். அங்கே மரத்தில் ஒரு கேலரி உண்டு, அதில் நின்று மேடையைப் பார்த்து எடு. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரை குரல் போக எவ்வளவு தொண்டை வேண்டியிருந்தது என்று குழுவில் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அப்படியே எழும்பூர் மியூசியம் தியேட்டரையும் எடுத்துக்கொள், அதுவும் அந்த நூற்றாண்டின் கட்டடம்தான்.