கார்க்காரர் 60 ஆயிரம் தருகிறார், கேஸ் வேண்டாம் என்கிறார். வாங்கலாமா?

தென்காசிக்காரன்:
என் தங்கை மாப்பிள்ளைக்கு வயது 34, டைல்ஸ் ஒட்டும் வேலை. நாலு மாதம் முன்னால் கோவில்பட்டி தாண்டி நாலுவழிச் சாலையில் பைக்கில் போகும்போது பின்னால் வந்த கார் இடித்து, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து ராடு வைத்திருக்கிறார்கள். இன்னும் குத்தவைத்து உட்கார முடியவில்லை. ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர் (புகார் வாங்கியதற்கான ரசீது) மட்டும்தான் கொடுத்தார்கள், எஃப்.ஐ.ஆர் இல்லை. இப்போது கார்க்காரர் 60 ஆயிரம் தருகிறேன், புகார் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்கிறார். மாப்பிள்ளை அன்றைக்கு ஹெல்மெட் போடவில்லை, கையில் எல்.எல்.ஆர் (பழகுநர் லைசென்ஸ்) மட்டும்தான், கோர்ட்டுக்குப் போனால் தப்பு நம்ம மேலேயே திரும்பும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?

கோர்ட்டுவாசல்:
முதலில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 2022 ஏப்ரலுக்குப் பிறகு நடந்த விபத்துக்கு 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நாலு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. எஃப்.ஐ.ஆர் போட மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். மனுவைத் தென்காசியிலேயே போடலாம், விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

ஹெல்மெட் விஷயம்: அடிபட்டது கால், தலை இல்லை. லைசென்ஸ் இல்லாதது மட்டுமே விபத்துக்குக் காரணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றமே 2008ல் சொல்லிவிட்டது. பின்னால் வந்து இடித்தவர் எப்படி ஓட்டினார் என்பதுதான் கேள்வி.

திருப்பூர் குமார்:
சட்டமெல்லாம் சரி, நடைமுறை வேற. என் பெரியப்பா கேஸ் வருஷக்கணக்கில் இழுத்தது, வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை, தீர்ப்பு வந்த பிறகும் ஓனரிடம் பணத்தை வாங்க முடியவில்லை. வர்ற காசை வாங்கிக்கிட்டு போங்க பாஸ்.

கோர்ட்டுவாசல்:
குமார், அதனால்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று முதலிலேயே பார்க்கச் சொல்வது. கார் நம்பரை எம்பரிவாகன் ஆப்பில் போட்டால் தெரிந்துவிடும். இன்சூரன்ஸ் இருந்தால் பணம் தரப்போவது கம்பெனி, ஓனருக்குக் கைச்செலவு பெரிதாக இல்லை. அப்படியும் அவர் 60 ஆயிரத்தை நீட்டுகிறார் என்றால் ஓட்டியவருக்கு லைசென்ஸ் இருந்ததா என்று விசாரித்துப் பாருங்கள், எனக்கு அதுதான் இடிக்கிறது.

மீனா அட்வகேட்:
தொகையைப் பற்றி யாரும் பேசவில்லையே. மாத வருமானம் 15,000 என்று விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டால், 40 வயதுக்குக் கீழே உள்ள சுயதொழில்காரருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்த்து 21,000. வயது 34க்குப் பெருக்கல் எண் 16, அதாவது ஒரு வருட வருமானத்தை 16ஆல் பெருக்குவார்கள். வருமான இழப்பு 20 சதவீதம் என்று வைத்தால்கூட 8,06,400 ரூபாய் வருகிறது, மருத்துவச் செலவும் வலி வேதனைக்கான தொகையும் இதில் இல்லை.

ஆனால் இது தானாகக் கிடைக்காது. வேலை பாதித்ததைக் காட்டாவிட்டால், ஊனம் சதவீதத்துக்கு இவ்வளவு ஆயிரம் என்று ஒரு சின்னத் தொகையோடு முடித்துவிடுவார்கள். 2010ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: இடது கையை இழந்தவர் டிரைவரோ தச்சரோ என்றால் வருமானம் கிட்டத்தட்ட முழுதும் போகும், அரசு அலுவலக கிளார்க் என்றால் அப்படி இல்லை. உங்க மாப்பிள்ளை குத்தவைக்காமல் டைல்ஸ் ஒட்ட முடியாது, அதை மெடிக்கல் போர்டு சர்டிபிகேட்டோடு அவரை வேலைக்குக் கூப்பிட்ட மேஸ்திரியையும் சாட்சியாக வைத்துச் சொல்ல வேண்டும். ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே எல்லாம் பத்திரம். முதல் 48 மணி நேர சிகிச்சை இன்னுயிர் காப்போம் திட்டத்தில் இலவசமாக நடந்திருந்தாலும் அந்தக் காகிதங்களும் வேண்டும்.

தென்காசிக்காரன்:
ரொம்ப நன்றி மேடம். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒருத்தர் வந்து, கேஸை நான் பார்த்துக்கிறேன், வர்றதில் பாதி எனக்கு என்றார். அவர் வக்கீலா என்றே தெரியவில்லை.

மீனா அட்வகேட்:
புரோக்கராக இருக்கும், வக்காலத்தில் (வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் படிவம்) கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். மாவட்ட கோர்ட்டிலேயே இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், திங்கள்கிழமை நேரில் போய்க் கேளுங்கள்.