பழைய ட்யூப் (வெற்றிடக் குழாய்) ஆம்ப் டோன் வேண்டும், 100 வாட் மார்ஷல் வாங்கலாமா?

கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) போட்ட கிடார் ஒன்றும், கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) தாராளமாக உள்ள டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்றும் இருக்கின்றன. நான் தேடுவது 1966-இல் வந்த ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் ஆல்பத்தில் எரிக் கிளாப்டன் வாசித்த அந்த லீட் டோன், அப்புறம் ஏசி/டிசி இசைக்குழுவில் மால்கம் யங்கின் ரிதம். கெயினை ஏற்றினால் கார்டில் உள்ள நோட்டுகள் ஒன்றோடொன்று குழம்பி வெறும் இரைச்சலாகிவிடுகின்றன. குறைத்தால் ஒலி தட்டையாகிவிடுகிறது, நோட் நிற்பதே இல்லை. அவர்கள் மெதுவாகத் தொட்டால் தெளிவாக ஒலிக்கிறது, ஓங்கி அடித்தால் உறுமுகிறது, இரண்டும் ஒரே செட்டிங்கில் எப்படி வருகிறது என்றுதான் புரியவில்லை. 1970-களின் 100 வாட் மார்ஷல் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி) ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. வாசிக்கப் போவது வீட்டில்தான், சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் இருக்கிறார்கள். வாங்கலாமா?

பதில் 1

வீட்டுக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு டோனிலும் கெயின் நாம் நினைப்பதைவிடக் குறைவு. இன்றைய ஆம்ப்களில் ப்ரீஆம்ப் (சிக்னலை முதலில் பெருக்கும்) பகுதியிலேயே நாலைந்து கட்டமாகச் சிக்னலை நசுக்கி டிஸ்டார்ஷனை (ஒலிச் சிதைவை) உண்டாக்குகிறார்கள், கெயின் ஏற ஏற மெதுவாக அடிப்பதும் ஓங்கி அடிப்பதும் ஒரே மாதிரி கேட்கும். பழைய மார்ஷலில் பெரும்பாலும் மாஸ்டர் வால்யூம் (டிஸ்டார்ஷனைத் தொடாமல் மொத்தச் சத்தத்தை மட்டும் குறைக்கும் குமிழ்) கிடையாது. வால்யூமைத் திருகினால் பவர் ட்யூப் (ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிக் கட்டம்), அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் சேர்ந்து திணறும், ரெக்டிஃபையரும் (மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்குவது) ட்யூபாக இருந்தால் ஓங்கி அடிக்கும்போது வோல்டேஜ் ஒரு கணம் தொய்ந்து திரும்ப எழும். நோட் அமுங்கி, பிறகு மலர்ந்து வருவது அதனால்தான். கிடார் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் அந்தத் திணறல் விலகி ஒலி தெளிந்துவிடும்.

அந்த ஆல்பத்தில் இருப்பது 100 வாட் ஆம்ப்பும் இல்லை. மார்ஷலின் முதல் மாடலான ஜேடிஎம்45-ஐ லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் கென் பிரானும் டட்லி கிரேவனும் ஃபெண்டரின் 5எஃப்6-ஏ பேஸ்மேன் ஆம்ப்பின் சர்க்யூட்டை வைத்து உருவாக்கினார்கள். அதே சர்க்யூட்டை இரண்டு 12 அங்குல ஸ்பீக்கரோடு ஒரே பெட்டியில் வைத்த காம்போவில்தான் கிளாப்டன் லெஸ் பால் கிடாரைச் செருகி, ஸ்டுடியோவிலும் மேடை வால்யூமிலேயே வாசித்தார். அவ்வளவு சத்தமாக ஓடியதால்தான் அந்த டோன்.

மார்ஷலின் 100 வாட் மாடலான சூப்பர் லீடில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒலி கூர்மையான பிரைட் சேனலில் வால்யூம் குமிழின் குறுக்கே 5000 பிகோஃபாரட் கெபாசிட்டர் இருக்கும், வால்யூம் குறைவாக இருக்கும்வரை அது ட்ரெபிளை (உயர் ஒலிகளை) மட்டும் தாராளமாக உள்ளே விடும். வீட்டில் 2-இல் வைத்தால் காதைக் குத்தும். 7-க்கு மேலே போனால்தான் அதன் வேலை அடங்கும், ஆனால் அந்த 7 வீட்டில் நடக்காது. நார்மல் சேனலையும் ஒரு சின்னக் கேபிளால் இணைத்து இரண்டையும் கலப்பது பழைய வழி, நல்ல வழியும்கூட, ஆனால் சத்தம் குறையாது.

50 வாட் வாங்கினால் குறையுமா என்றால், 100-க்கும் 50-க்கும் இடையே வெறும் 3 டெசிபல்தான். 10 வாட்டுக்கு வந்தால்தான் காதுக்கு ஏறக்குறையப் பாதியாகத் தெரியும்.

பதில் 2

ட்யூபைப் பற்றி மேலே சொன்னது சரி, ஆனால் ஸ்பீக்கரை யாருமே பேசுவதில்லை, எனக்கு அது பெரிய ஆதங்கம். கிடார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே சரசரவென்று இறங்கிவிடும், டிஸ்டார்ஷனில் உள்ள அரத்தை உரசுவது போன்ற ஒலியை அதுதான் அகற்றுகிறது. அதே ஆம்ப்பை ஹைஃபை ஸ்பீக்கரில் இணைத்தால் கேட்கவே முடியாது. மார்ஷலின் 4x12 (நாலு 12 அங்குல ஸ்பீக்கர்) கேபினெட்டில் இருந்த செலஸ்டியன் கிரீன்பேக் ஒவ்வொன்றும் 25 வாட்தான், 100 வாட் ஆம்ப் முழுசாக ஓடும்போது அந்த ஸ்பீக்கர் கோனும் சேர்ந்து திணறியது. வாக்ஸ் ஏசி30 ஆம்ப்பில் இருந்த ஆல்னிகோ புளூ ஸ்பீக்கர் அதைவிடத் திறன் குறைந்தது, 15 வாட். குயீன் குழுவின் பிரையன் மே அந்த ஏசி30-க்கு முன்னால் ஒரு ட்ரெபிள் பூஸ்டரை வைத்து, ஆம்ப்பை நன்றாக ஏற்றிவிட்டு, தெளிவான இடங்களுக்குக் கிடாரின் வால்யூம் குமிழையே பயன்படுத்தினார். நீங்கள் கேட்ட 'ஒரே செட்டிங்கில் இரண்டும்' என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எல்லோரும் ஆம்ப்பைத் திணறடித்தார்கள் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் வைத்திருந்த ஹைவாட் டிஆர்103 ரொம்ப சத்தமாகப் போனாலும் தெளிவு கெடாத ஆம்ப், டிஸ்டார்ஷன் காலால் மிதிக்கும் பெடலிலிருந்து வந்தது. மால்கம் யங் கிரெட்ச் கிடாரில் பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றிவிட்டார், தடித்த கம்பி, கனமான கை, கெயின் கொஞ்சம்தான். அதை ஹை கெயினில் தேடினால் எத்தனை வருடமானாலும் கிடைக்காது.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி, இவ்வளவு விளக்கத்தை எதிர்பார்க்கவில்லை. அப்படியானால் சின்ன ட்யூப் ஆம்ப் பக்கம் போகலாம் என்று தோன்றுகிறது. 5 வாட்டில் ராக் டோன் நிஜமாகவே வருமா, இல்லை வெறும் பயிற்சிக்குத்தானா? அப்புறம், பழைய அசல் ஆம்ப் வாங்குவதா, அதே சர்க்யூட்டில் புதிதாகச் செய்ததை வாங்குவதா?

பதில் 3

ட்யூப் ஆம்ப் ரிப்பேர்தான் என் வேலை, அதனால் அந்தக் கோணத்திலிருந்து சொல்கிறேன். 5 வாட்டில் தாராளமாக வரும். 1970-இல் லைலா ஆல்பத்துக்கு கிளாப்டன் பயன்படுத்தியது ஃபெண்டர் சாம்ப், ஒரே ஒரு 6வி6 பவர் ட்யூப், 8 அங்குல ஸ்பீக்கர். லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தில் ஜிம்மி பேஜ் வாசித்தது டெலிகாஸ்டர் கிடாரும் ஒரு சின்ன சுப்ரோ ஆம்ப்பும். பதிவில் மைக் முன்னால் ஆம்ப்பின் அளவு தெரியாது. ஆனால் 5 வாட்டை முழுசாகத் திறந்தால் அதுவும் ஒரு அறைக்கு ரொம்ப சத்தம், இதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

சாம்பின் டிஸ்டார்ஷன் மார்ஷலுடையது போல இருக்காது. ஒற்றை ட்யூப் என்பதால் பவர் பகுதியில் இரட்டைப்படை ஹார்மானிக்ஸ் (மூல நோட்டின் 2, 4 மடங்கு அதிர்வெண்கள்) நிறைய வரும், மார்ஷல் போன்ற புஷ்-புல் (ட்யூப்கள் மாறி மாறி வேலை செய்யும்) ஆம்ப்பில் அவை பெரும்பாலும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். மார்ஷலின் அழுத்தம் வேண்டுமென்றால் இரண்டு பவர் ட்யூப் உள்ள சின்ன புஷ்-புல் ஆம்ப்பைப் பாருங்கள். நீல் யங் விடாமல் வைத்திருக்கும் ஃபெண்டர் ட்வீட் டீலக்ஸ் அந்த வகைதான், இரண்டு 6வி6.

பழையதா புதியதா என்றால், முதல் ட்யூப் ஆம்ப்புக்குப் புதியது. பழைய ஆம்ப்பில் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் வறண்டு போயிருக்கும், ஹம் (ரீங்காரம்) வரும், சில சமயம் டிரான்ஸ்ஃபார்மரையே இழுத்துக்கொண்டு போகும். பல பழைய ஃபெண்டர்களில் எர்த் கம்பியே கிடையாது, கிடார் கம்பியைத் தொட்ட கையோடு மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கும். மூன்று முனை பிளக் போட்டுத்தான் தீர வேண்டும், அசல் தன்மை கெடுகிறது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400, 500 வோல்ட் தேங்கி நிற்கலாம், அது ஆளைக் கொல்லும், தெரியாமல் திறக்கவே கூடாது. ஸ்பீக்கரை இணைக்காமல் எந்த ட்யூப் ஆம்ப்பையும் ஆன் செய்து வாசிக்காதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் ஓம் அளவும் பொருந்த வேண்டும். எடி வான் ஹேலன் 1978 காலத்தில் வேரியாக்கை (வோல்டேஜை ஏற்றி இறக்கும் கருவி) வைத்து மார்ஷலை ஓட்டினார் என்று படித்துவிட்டுச் சிலர் வோல்டேஜை ஏற்றிப் பார்க்கிறார்கள். அவர் ஏற்றவில்லை, சுமார் 90 வோல்ட்டுக்குக் குறைத்தார். இரண்டுமே வேண்டாம்.

பதில் 2

இன்னொன்று விட்டுப்போனது. ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அட்டென்யுவேட்டர் (சத்தத்தைக் குறைக்கும் கருவி) வைக்கலாம், சில டெசிபல் குறைக்கும்வரை டோன் நன்றாகவே இருக்கும். ரொம்பக் குறைத்தால் ஸ்பீக்கர் அசையாது, நம் காதும் தாழ்ந்த சத்தத்தில் பேஸையும் ட்ரெபிளையும் குறைத்தே கேட்கும், ஒலி சப்பென்று ஆகிவிடும். அதற்காகத்தான் சின்ன ஆம்ப், அதன்மேல் கொஞ்சம் அட்டென்யுவேட்டர் என்று சொல்வேன்.

பணத்தை எடுப்பதற்கு முன் இப்போதுள்ள ஆம்ப்பில் கெயினை 4-க்கு இறக்குங்கள், மிட் (நடு ஒலி) குமிழை 7-க்கு ஏற்றுங்கள், பேஸைக் குறையுங்கள். பிரிட்ஜ் பிக்கப், கிடார் வால்யூம் முழுசாக, ஓங்கி அடித்து ரெக்கார்ட் செய்து கேளுங்கள். அப்புறம் கிடார் வால்யூமை 6-இல் வைத்து அதையே இன்னொரு முறை. இரண்டு பதிவையும் இங்கே போட்டால் எந்த ஸ்பீக்கர் பொருந்தும் என்று சொல்ல எங்களுக்கும் வசதியாக இருக்கும்.