புதுப்பிப்பு: பால், வெண்ணெய், சீஸ் இல்லாத உருளைக்கிழங்கு பேக்

அக்கா மகனுக்குப் பால் ஒவ்வாமை, அவனும் சாப்பிடுகிற மாதிரி பிரெஞ்சுக்காரர்களின் கிராத்தானை (பால், க்ரீம் ஊற்றி மேலே முறுகலாகப் பேக் செய்கிற கிழங்கு அடுக்கு) ஓடிஜி என்கிற சின்ன மின்சார அவனில் செய்ய முடியுமா என்று கேட்டிருந்தேனே, செய்தாச்சு. தேங்காய்ப்பால், முந்திரி என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பதில் போட்டிருந்தீர்கள். என் ஓட்டு முந்திரிக்கு. தேங்காய்ப்பால் சூட்டில் எண்ணெய் பிரிந்து, குருமா வாசம் அடிக்கிறது.

அரை கப் முந்திரியை வெந்நீரில் ஊறவைத்து, ஒன்றரை கப் தண்ணீர், பூண்டு, மிளகு, உப்பு, துளி ஜாதிக்காய் சேர்த்து நைசாக அரைத்தேன். முந்திரியில் மாவுச்சத்து உண்டு, வேக வேகத் தானே கெட்டியாகும். அரை கிலோ கிழங்கை மெல்லிசாகச் சீவி, கழுவாமல் அடுக்குங்கள். கிழங்கில் ஒட்டியிருக்கும் மாவுதான் பிடிப்பு தருகிறது. விழுதை ஊற்றி, ஃபாயில் மூடி 180 டிகிரியில் 40 நிமிடம், திறந்து இன்னும் 20.

நெய் போடலாமே என்றவர்களுக்கு: இது லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) பிரச்சினை இல்லை, பால் புரத ஒவ்வாமை. நெய்யிலும் கொஞ்சம் புரதம் தங்கும். மார்ஜரின், பிரெட்டிலும் பால் சேர்ந்திருக்கலாம், பாக்கெட்டுகளின் பின்பக்கத்தையும் படித்துவிட்டு வாங்குங்கள்.

பையன் ஓரத்து முறுகலை மட்டும் சுரண்டித் தின்றான். அம்மா ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டார், அதுவும் பொருத்தம்தான்! அடுத்தது காலிஃப்ளவர்; அது தண்ணீர் விடும், விழுதைக் கெட்டியாக அரைக்க வேண்டும்.