நிலநடுக்க முன்கணிப்பை மதிப்பிட ஒரு சொல்: 'விரிப்பு வீதம்'

நண்பர்களுக்கு வணக்கம்.

நிலநடுக்கம் வருமென்று ஆய்வாளர் விடுக்கும் அறிவிப்புகள் மொத்தக் காலத்திலும் இடத்திலும் எவ்வளவு பங்கை அடைத்துக்கொள்கின்றன என்னும் அளவுக்குப் பேராசிரியர் ஐயா நம் கலைச்சொல் அகராதிக்காக 'எச்சரிக்கை வீதம்' என்று முன்மொழிந்திருந்தார். அதை என்னால் ஏற்க இயலவில்லை. சென்னைக் கடற்கரையில் மீனவர் வாழும் காசிமேட்டுக்காரர்களான எங்களுக்கு எச்சரிக்கை என்றால் வேறு பொருள். 2012 ஏப்ரல் 11 அன்று பிற்பகல் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் கடலடி அதிர்ந்தபோது, எங்கள் வீட்டு எவர்சில்வர் குடத்துத் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கியதைப் பார்த்தேன். ஆழிப்பேரலை எச்சரிக்கை வந்ததும், 2004ஐ மறவாத பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கரையை விட்டு மேற்கே நடந்தார்கள். அந்த எச்சரிக்கை நடுக்கத்தை அளந்த பிறகு விடுக்கப்படுவது; நாம் பேசுவதோ நடுக்கத்துக்கு முன்பே குறிக்கப்படும் கெடுவைப் பற்றியது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது தீங்கு.

ஆகவே 'விரிப்பு வீதம்' என்பதை முன்வைக்கிறேன். கடல் முழுக்க வலை விரித்தவனுக்கு மீன் பட்டால் அதில் வியப்பில்லை. குறுகிய வலையில் நல்ல மீன்பாடு கண்டவனைத்தான் கரையில் மெச்சுவார்கள். கிரேக்கத்தில் வரோட்சோஸ் குழுவினர் நிலத்து மின்னழுத்த மாறுதல்களைக் கொண்டு செய்த முன்கணிப்புகளைப் பற்றி 1990களில் நடந்த விவாதத்தின் கருவும் இதுவே. நிலநடுக்கம் அடிக்கடி நிகழும் அந்நாட்டில், நாள், தொலைவு, அளவு ஆகிய மூன்றிலும் எவ்வளவு வேறுபாடு வரை வெற்றி என்று எண்ணலாம் என்பதைத் தளர்த்திக்கொண்டே போனால், எந்த அறிவிப்பும் ஏதாவதொரு நடுக்கத்தில் பொருந்திவிடும். பின்னதிர்வுகள் இன்னும் ஏமாற்றுபவை: ஒன்று நிகழ்ந்ததும் அதே வட்டாரத்தில் இன்னொன்று வருமென்று இயந்திரம்போல் அறிவித்துவந்தாலே பலமுறை பலிக்கும்.

முன்கணிப்புகளை மதிப்பிட ரஷ்ய அறிஞர் மோல்சான் வகுத்த வரைபடத்தில் ஓர் அச்சு இந்த வீதம், மற்றது தவறவிட்ட நடுக்கங்களின் பங்கு. பின்னதற்கு 'தவறல் வீதம்' போதுமானது. அதில் எனக்கு விவாதமில்லை.

'விரிப்பு' என்றால் படுக்கைவிரிப்பு நினைவுக்கு வருமே என்று கேட்கப்பட்டது. 'வீதம்' அடுத்து வரும்போது அந்த மயக்கம் எழாது என்றே நம்புகிறேன். என் கவலை வேறு: இச்சொல் வெறும் பரப்பளவை மட்டும் குறிப்பதாகப் படிப்பவர் கொண்டுவிடக் கூடாது. அந்தமான் அருகே நூறு சதுரக் கிலோமீட்டர் விரிப்பதும் தக்காணத்தின் நடுவே அதே அளவு விரிப்பதும் ஒன்றாகா. மீன் படும் இடத்துக்கும் படாத இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைப்போல, அந்தந்த இடத்தில் இதுவரை நிகழ்ந்த நடுக்கங்களின் எண்ணிக்கையைக் கொண்டு எடையிட்டே கணக்கிட வேண்டும். எனவே 'எடையிட்ட விரிப்பு வீதம்' என்னும் வடிவத்தையும் அகராதியில் சேர்க்கக் கோருகிறேன்.

வாக்கியத்தில் இப்படி அமையும்: "இம்முறையின் விரிப்பு வீதம் 0.4, தவறல் வீதம் 0.6, இரண்டும் கூடி 1 ஆவதால், இது தற்செயல் கோட்டின்மீதே நிற்கிறது." இதில் 'தற்செயல் கோடு' நானே இட்ட பெயர்; கண்ணை மூடிக்கொண்டு அறிவித்தாலே கிடைக்கும் நிலையைக் காட்டும் கோடு அது. மேலான சொல் இருந்தால் மாற்றிக்கொள்ள அணியமாக இருக்கிறேன்.