பதிவு மேசையை வெட்டிவிட்டு மருத்துவரை மட்டும் காப்பாற்ற முடியுமா?

ஈசூன் மாறன்:
என் பெரியப்பா மகன் அமெரிக்க ராணுவத்தில் ஈராக் போய் வந்தவர். முகாமின் ஓரத்தில் குழி வெட்டி, குப்பை, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எரிபொருள் ஊற்றி எரிப்பார்களாம். அந்தப் புகையை ஓராண்டு சுவாசித்தார். 2022 தீபாவளிக்கு இங்கே சிங்கப்பூருக்கு வந்திருந்தபோது, எங்கள் வட்டாரத்து மேம்பாலத்தில் ஏறுவதற்குள் இரண்டு முறை நின்றுவிட்டார். அப்போது அவருக்கு வயது 41.

அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் எரிகுழிப் புகையால் வரும் நோய்களுக்குச் சிகிச்சையும் இழப்பீடும் தரும் பாக்ட் சட்டத்தில் அப்போதைய அமெரிக்க அதிபர் பைடன் கையெழுத்திட்டார். விண்ணப்பங்கள் குவிந்தன, அவற்றைப் பார்க்க ஆட்களும் சேர்க்கப்பட்டார்கள். 2025இல் எல்லாம் தலைகீழானது. பிப்ரவரியில், படைவீரர்களுக்கான மருத்துவமனைகளையும் இழப்பீட்டையும் கவனிக்கும் அமெரிக்க அரசின் முன்னாள் படைவீரர் விவகாரத் துறை, தகுதிகாண் நிலையில் இருந்த ஊழியர்களில் முதலில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரையும் பிறகு 1,400 பேரையும் நீக்கியது. மார்ச்சில் ஏறத்தாழ 80,000 பேரைக் குறைக்கும் திட்டம் வெளியில் தெரிந்தது. போருக்கு அனுப்பும்போது செலவு பார்க்காதவர்கள், திரும்பி வந்தவனைக் கவனிக்கும்போது மட்டும் தலை எண்ணுகிறார்கள். என் மனம் ஆறவில்லை.

செல்வம், பிடோக்:
தம்பி மாறன், உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்கிறீர்கள். அந்த 80,000 நடக்கவே இல்லை. ஜூலையில் துறையே திட்டத்தை மாற்றிக்கொண்டது. ஓய்வு பெறுவோர், தாமாக விலகுவோர் வழியாகச் செப்டம்பர் இறுதிக்குள் ஏறத்தாழ 30,000 பேர் குறைவார்கள், பெரிய அளவில் பணிநீக்கம் இல்லை என்று அறிவித்தார்கள். 2019இல் நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த ஊழியர் எண்ணிக்கை 2025 தொடக்கத்தில் 484,000. சிகிச்சைக்கு இன்றியமையாத மூன்று லட்சத்துக்கும் அதிகமான பணிகளுக்கு, அரசு அந்த ஆண்டு விதித்த ஆள் சேர்ப்புத் தடையிலிருந்து விலக்கும் கொடுத்தார்கள்.

ஆள் அதிகம் இருந்தால் சேவை நன்றாக இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? 2014இல் ஃபீனிக்ஸ் நகரில் அந்தத் துறையின் மருத்துவமனையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். காத்திருப்போரின் உண்மையான பட்டியலை மறைத்து, எல்லாம் சீராக நடப்பதாகக் கணக்குக் காட்டினார்கள். துறைத் தலைவர் எரிக் ஷின்செகி பதவி விலகினார். அவரே படைத்தளபதியாக இருந்தவர். அங்கே கெட்டுப்போனது நிர்வாகம். 2025இல் தேங்கிக் கிடந்த இழப்பீட்டு விண்ணப்பங்கள் குறைந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தாதி மல்லிகா:
செல்வம் அண்ணா, 22 ஆண்டுகளாகத் தாதியாக இருக்கிறேன். "சிகிச்சைக்கு இன்றியமையாத பணி" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம். மருத்துவரும் தாதியும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். முன்பதிவு செய்பவரும், கோப்பை எடுத்து வைப்பவரும், வராதவரைத் தொலைபேசியில் அழைப்பவரும் இருக்க மாட்டார்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் பதிவு மேசையில் இருந்த நால்வரை இருவராக்கினார்கள். தாதியர் யாரையும் தொடவில்லை. இரண்டே மாதத்தில் நாங்கள் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தோம், கட்டு மாற்ற வேண்டிய பெரியவர்கள் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். வேலை எங்கும் போய்விடாது அண்ணா, அடுத்தவர் தலையில் ஏறும். போர் நினைவுகளோடு வாழ்கிறவர் ஒரு சந்திப்புக்கு வரவில்லை என்றால் அதுவே ஓர் அறிகுறி. அன்றே அவரை அழைத்து விசாரிக்க ஒருவர் வேண்டும்.

2025 ஆகஸ்டில் அந்தத் துறையின் செயல்பாட்டை ஆராயும் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் வெளியிட்ட அறிக்கையையும் பாருங்கள். மருத்துவமனைகள் குறிப்பிட்ட கடுமையான ஆள் பற்றாக்குறைகள் 4,434. முந்தைய ஆண்டைவிட 50 விழுக்காடு கூடுதல். சிகிச்சைப் பணிகளில் அதிக மருத்துவமனைகள் சொன்னது உளவியலாளர் பற்றாக்குறை.

செல்வம், பிடோக்:
மல்லிகா, அந்த எண்ணை நானும் பார்த்தேன். அது காலிப் பணியிடங்களின் எண்ணிக்கை அன்று. எந்தப் பணிக்கு ஆள் கிடைப்பது கடினம் என்று ஒவ்வொரு மருத்துவமனையும் தானே சொல்லும் பட்டியல். கணக்கெடுப்பு வசந்த காலத்தில் நடந்தது, பெரும்பாலானோர் விலகியது அதன் பிறகு. ஆகவே ஆட்குறைப்பின் விளைவு என்று அதைக் காட்டுவது சரியாகாது. அவசரம் என்றால் தனியார் மருத்துவரிடம் போகலாம். 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொது மருத்துவத்துக்கும் மனநலத்துக்கும் 20 நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தால் அரசு செலவிலேயே வெளியே பார்த்துக்கொள்ளலாம்.

தாதி மல்லிகா:
விலகியவர்கள் போவதற்கு முன்பே நிலைமை அப்படி இருந்தது என்றால், போன பிறகு எப்படி இருக்கும்? உங்கள் வாதம் என் கவலையைக் கூட்டுகிறது. வெளியே அனுப்பும் கடிதத்தையும் ஒருவர் எழுத வேண்டும், அங்கே இடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும், அறிக்கையைத் திரும்ப வாங்கிக் கோப்பில் சேர்க்க வேண்டும். யார் செய்வார்?

ரிசர்விஸ்ட் 5:
இடையில் வருகிறேன், மன்னியுங்கள். இங்கே சிங்கப்பூரில் 1967 முதல் தேசிய சேவை, அதாவது ஆண்களுக்குக் கட்டாயப் படைப் பயிற்சி. பக்கத்து வீட்டு அண்ணனும் என் முதலாளியும் பயிற்சிக்குப் போய் வந்தவர்கள்தாம். நாங்கள் போகும் பலதுறை மருந்தகம் எல்லாருக்கும் பொதுவானது, அங்கே வரிசை நீண்டால் எல்லாரும் உணர்வார்கள். அமெரிக்காவில் பெரியவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் அளவில்தான் முன்னாள் படைவீரர். அவர்களுடைய மருத்துவமனையில் வரிசை நீண்டால் மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது. இன்னொன்று, அந்தத் துறையின் ஊழியர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் முன்னாள் படைவீரர். வேலையை இழப்பவரும் அவரே, காத்திருப்பவரும் அவரே.

செல்வம், பிடோக்:
தம்பி சொன்ன கடைசி விஷயத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஆளைக் குறைப்பதே குற்றம் என்பதை ஏற்க மாட்டேன். எந்த மேசையில் குறைத்தார்கள் என்று பார்க்காமல் குறைத்ததுதான் தவறு. மாறன், உங்கள் அண்ணனுக்கு உண்மையில் என்ன ஆனது? அதைச் சொல்லவே இல்லையே.

ஈசூன் மாறன்:
சிகிச்சை நடக்கிறது அண்ணா. அவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்த துறை ஊழியரும் ஈராக்கில் இருந்தவர்தான். எந்தக் குழி, எந்த மாதம் என்று கேட்காமலே அவருக்குப் புரிந்ததாம். போன கோடையில் அந்த ஊழியர் விலகிவிட்டார். நுரையீரல் பரிசோதனை முடிவு வந்ததும் அண்ணன் மறுவிண்ணப்பம் போட வேண்டும். அந்த மேசையில் இப்போது யார் இருக்கிறார் என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். அங்கே இப்போது விடியற்காலை. பதில் வந்ததும் எழுதுகிறேன்.