வெண்புள்ளி பிள்ளைகளுக்கும் வருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் தங்கைக்கு உதட்டோரத்திலும் விரல் நுனிகளிலும் வெண்புள்ளி இருக்கிறது. அம்மாவுக்குத் தைராய்டு, பெரியம்மாவுக்கு முழங்கையில் வெள்ளைத் திட்டு. இப்போது நல்ல இடத்தில் வரன் வந்திருக்கிறது. ஆனால் "பிள்ளைகளுக்கும் வருமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

படித்த வரை, உடலின் எதிர்ப்புச் சக்தியே நிறமிச் செல்களை அழிப்பதால் வருவது இது. ஒரே மரபணுவால் அல்ல. என்எல்ஆர்பி1, எச்எல்ஏ எனப் பல மரபணுக்களுக்குப் பங்குண்டு. அச்சு அசலான இரட்டையரில் ஒருவருக்கு இருந்தாலும் மற்றவருக்கு வரும் வாய்ப்பு சுமார் 23 சதவீதம்தான்.

வெண்புள்ளி உள்ள பெற்றோர் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். மதுரைப் பக்கம் பொறுமையாக விளக்கும் மரபணு ஆலோசகர் யாராவது தெரியுமா? தங்கைக்கும் தைராய்டு பரிசோதனை எடுத்துவிடலாமா? மருந்து விளம்பரம் மட்டும் வேண்டாம், தயவுசெய்து.